அரிவாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: எங்கள் காலனியை ஒட்டிய காட்டுப் பூங்காவில் உண்ணிச்செடி (லாண்டானா) மண்டிக் கிடக்கிறது. முறைப்படி அனுமதி வாங்கி, ஆறு மாதமாக ஞாயிறு காலைகளில் பதினைந்து பேர் வெட்டுகிறோம். வெட்டிய இடத்திலேயே முன்னைவிட அடர்த்தியாகத் தளிர்க்கிறது. மருந்து அடித்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மருந்து வேண்டாம். எதை வைத்து வெட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, அரிவாளாகத்தான் இருக்கும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். முழங்கால் உயரத்தில் வெட்டினால் அது உண்ணிச்செடிக்குக் கவாத்து செய்த மாதிரி. ஒன்று போன இடத்தில் ஐந்தாறு கிளம்பும்.

கோடை மழையில் மண் இளகியதும் கடப்பாரையோடு போங்கள். அடி மண்ணைப் பறித்தால் தண்டு வேராக மாறும் முடிச்சு தெரியும். துளிர்ப்பதெல்லாம் அங்கிருந்துதான். அதற்குக் கீழே, மண்ணுக்குள் 2, 3 அங்குலத்தில் தாய்வேரைக் கொத்திவிட்டு, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். வேர் மண்ணைத் தொடாமல் காய வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. கவட்டைக் கம்பால் ஒருவர் புதரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கொத்தினால் வேலை ஓடும். கையுறை கட்டாயம்.

புதிதாக வருகிறவர்களிடம் முதலில் செடியைக் காட்டுங்கள். எங்கள் முதல் வாரத்தில் உற்சாகம் தாங்காமல் தழுதாழை என்ற நல்ல நாட்டுச் செடியின் புதர் ஒன்றைப் பிடுங்கிப் போட்டோம். பிடுங்கியது வேறு யாருமல்ல, நான்தான். உண்ணியின் தண்டை விரலால் உருட்டினால் நாலு பட்டை தட்டுப்படும், வளைந்த சின்ன முட்கள் உரசும். தழுதாழையில் முள் கிடையாது.

அப்புறம், பூங்கா முழுவதையும் ஒரே சீசனில் மொட்டையடிக்காதீர்கள். தவிட்டுக்குருவிகள் அந்தப் புதருக்குள்தான் ஒண்டியிருக்கும். கால் ஏக்கர் எடுத்து, காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லும் நாட்டு மரக்கன்றும் வைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். பறவை எச்சத்தில் விதை வந்துகொண்டே இருக்கும் என்பதால் பெரிய மரங்களின் அடியை அடிக்கடி பாருங்கள். முளைத்த புதிதில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம்.

கருநீலப் பழம் தொங்கும் கிளைகளைத் தனியே சாக்கில் கட்டுங்கள். நாங்கள் ஒரு வருடம் அவற்றை நடைபாதை ஓரமாகவே இழுத்துக்கொண்டு போனோம். மழை விட்டு வந்து பார்த்தால், இழுத்த வழி நெடுக வேலி போட்ட மாதிரி நாற்று.