டிரைவருக்கு ஆப்ஷனை எங்கே வைப்பது? லினக்ஸ் கெர்னல் கேள்வி பதில்

கேள்வி: சார், யுஎஸ்பி சென்சார் ஒன்றுக்கு டிரைவர் எழுதுகிறேன். நொடிக்கு எத்தனை முறை அளவெடுப்பது என்பதை மாட்யூல் பாராமீட்டராக வைக்கலாமா?

பதில்: இரண்டாவது சென்சாரைச் செருகிப் பாருங்கள், சிக்கல் புரிந்துவிடும். மாட்யூல் பாராமீட்டர், அதாவது டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் மதிப்பு, டிரைவர் முழுவதற்கும் பொது. ஒன்று 100 ஹெர்ட்ஸிலும் மற்றது 2 ஹெர்ட்ஸிலும் ஓட வேண்டுமென்றால் சொல்ல வழியில்லை. அந்தந்த சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் கோப்பில் (கெர்னல் தன் அமைப்புகளை /sys-இல் கோப்புகளாகக் காட்டும் இடம்) வையுங்கள். அதிலும் சென்சார்களுக்கென்றே கெர்னலில் ஐஐஓ (IIO) என்ற பகுதி இருக்கிறது. அங்கே அளவெடுக்கும் வேகத்துக்கு 'சாம்ப்ளிங்_ஃப்ரீக்வென்சி' என்ற கோப்பு ஏற்கெனவே வழக்கில் உள்ளது. புதுப்பெயர் சூட்டாதீர்கள், பழைய பெயரைத் தெரிந்த புரோகிராம்கள் உங்கள் சென்சாரையும் அப்படியே படித்துவிடும்.

கேள்வி: பாராமீட்டருக்கு 0644 அனுமதி (ரூட் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம்) கொடுத்தேன். ஓடும்போது மதிப்பை மாற்றினால் எதுவும் நடப்பதில்லையே?

பதில்: மாறுவது வேரியபிள் மட்டும்தான். மாறியதை உங்கள் கோடுக்கு யாரும் சொல்வதில்லை. மதிப்பு மாறும்போது கெர்னல் கூப்பிடும் கால்பேக் ஃபங்ஷனை வைத்துப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் 0444 (படிக்க மட்டும்) போடுங்கள். எழுத அனுமதித்துவிட்டுச் சும்மா இருப்பது பயனரை ஏமாற்றுவது.

கேள்வி: ஐந்து மதிப்புகளை ஒரே கோப்பில் எழுதலாமா அண்ணா?

பதில்: கூடாது தம்பி. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு. ஐந்தும் ஒரே சமயத்தில் மாறியாக வேண்டுமென்றால் ஐஓசிடிஎல் (ioctl, புரோகிராம் டிரைவருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் அழைப்பு) பக்கம் போங்கள்.

கேள்வி: ஐஓசிடிஎல் கட்டளையோடு மதிப்புகளைச் சுமந்து போகும் ஸ்ட்ரக்டில் பின்னாளில் புது ஆப்ஷன் சேர்க்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். முதல் நாளே ஒரு ஃபிளாக்ஸ் புலம் (ஒவ்வொரு பிட்டும் ஓர் ஆப்ஷன்) வையுங்கள். தெரியாத பிட் ஒன்று வந்தாலும் ஈஇன்வால் (EINVAL, தவறான மதிப்பு) பிழை திருப்புங்கள். கோப்பைத் திறக்கும் பழைய ஓப்பன் அழைப்பு இதைச் செய்யவில்லை. தெரியாத ஃபிளாகைக் கண்டுகொள்ளாமல் விட்டது. அதனால் 2013-இல் பெயரில்லாத தற்காலிகக் கோப்புக்கான ஓ_டிஎம்பிஃபைல் ஃபிளாக் வந்தபோது, பழைய கெர்னல்களில் அது பிழையில் முடியட்டும் என்பதற்காக ஓ_டைரக்டரி (டைரக்டரியை மட்டும் திற) பிட்டையும் அதற்குள் சேர்க்க வேண்டியதாயிற்று. ஃபிளாகுகளைக் கறாராகச் சோதிக்கும் ஓப்பன்அட்2 என்ற புதிய அழைப்பு வந்தது 2020-இல், 5.6 கெர்னலில்தான்.

இன்னொன்று, காலி இடம். ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் எண் என்று வைத்தால் 32 பிட் எக்ஸ்86-இல் ஸ்ட்ரக்ட் 12 பைட். 64 பிட்டில் கம்பைலர் நடுவே 4 பைட் காலி விடுவதால் 16. ஐஓசிடிஎல் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் அடங்கியிருப்பதால் கட்டளை எண்ணே வேறாகிவிடும். 64 பிட் கெர்னலை ஒரு 32 பிட் புரோகிராம் கூப்பிட்டால் ஈநாட்டிடிஒய்தான் (ENOTTY, இந்தக் கட்டளை தெரியாது என்ற பிழை) கிடைக்கும். நடுவில் 32 பிட் 'ரிசர்வ்ட்' புலம் ஒன்றை நீங்களே வைத்து, அது பூஜ்யமாக இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கேள்வி: டிவைஸ் ட்ரீயில் போட்டால்?

பதில்: டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்ன வன்பொருள் எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம். எந்த இன்டரப்ட், எந்த கிளாக் என்பதெல்லாம் அங்கே. பயனரின் விருப்பம் அங்கே போகாது.

கேள்வி: டியூனிங்குக்காகப் பத்துப் பன்னிரண்டு ஆப்ஷன்கள் தேவைப்படுகின்றன. எல்லாவற்றையும் வெளியே விடலாமா?

பதில்: உங்கள் டியூனிங்குக்கு மட்டும் என்றால் பிழைதேடலுக்கான டீபக்எஃப்எஸ் கோப்புகள் போதும்; அங்கே இருப்பதை நாளைக்கு நீக்கலாம். சிஸ்எஃப்எஸ்ஸில் வைத்ததை ஒருவர் ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் அதன்பின் எடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் எடுத்து, டிரைவரே கணக்கிட்டுக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். மிஞ்சுவதற்கு கெர்னலின் Documentation/ABI பகுதியில் ஆவணம் எழுதுங்கள். எந்த மதிப்பை எப்போது வைக்க வேண்டும் என்று உங்களாலேயே இரண்டு வரியில் எழுத முடியாத ஆப்ஷனை அனுப்பாதீர்கள்.