ஒரே நாளில் பாதியான பங்கு விலை

ஹட்டன் தம்பிக்கு,

நீங்கள் எடுத்த விலைத் தரவில் ஒரு தோட்டக் கம்பனிப் பங்கு ஒரே நாளில் 120 ரூபாவிலிருந்து 60க்கு வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் சரிவல்ல, பங்குப் பிரிப்பு; அதாவது ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது. கொழும்புப் பங்குச் சந்தை அறிவித்தல்களில் அந்தத் திகதியைப் பாருங்கள். ஒன்று இரண்டாகியிருந்தால், முந்திய விலைகளையெல்லாம் 2ஆல் வகுத்து, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்குங்கள். ரூபாவில் உள்ள புரள்வை, அதாவது கைமாறிய பங்குகளின் மொத்தப் பெறுமதியை, தொட வேண்டாம்.

உரிமை வழங்கல் என்றால், அதாவது இருக்கும் பங்குதாரருக்குக் கம்பனி புதுப் பங்குகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், கணக்கு வேறு. பலர் பிசகுவது இங்கேதான். சந்தை விலை 60, 4 பங்குக்கு 1 புதியது 40 ரூபாவுக்கு என்றால் வழங்கலுக்குப் பின் ஒரு பங்கின் கணக்கு விலை (4×60+40)÷5 = 56. பழைய விலைகளை 56/60ஆல் பெருக்க வேண்டும்.

வியாபாரமே நடக்காத நாளில் தெரிவது முந்திய முடிவு விலைதான். ஏற்ற இறக்கம் கணிக்கும்போது அந்த நாட்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அப்படியே விட்டு, அதன் பிரதியில் திருத்திய விலைக்குப் புது நிரல் (column) போடுங்கள்.