வாசகர் கேள்வி: பச்சை ஆப்பிள் ஊறுகாயும் பிறவும்

கேள்வி: மாங்காய் கிடைக்காததால் பச்சை ஆப்பிளில் உடனடி ஊறுகாய் போட்டேன். மறுநாளே தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஏன்?
– வாசகி, செந்தூல்

பதில்: துண்டுகளைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டு வதக்கியிருப்பீர்கள். மாங்காய் அதைத் தாங்கும், ஆப்பிள் தாங்காது. ஆப்பிள் சதையில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. தண்ணீரில் மிதப்பதும் அதனால்தான். சூடு பட்டதும் காற்று வெளியேறிச் சதை அமுங்கிவிடும். போதாததற்கு உப்பு வேறு நீரை இழுத்துக்கொண்டு வரும். அதை முதலிலேயே வடித்துவிட வேண்டும்.

கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் ரகத்தில் 2 பழம், சுமார் 350 கிராம். தோல் சீவாதீர்கள், துண்டு உடையாமல் பிடித்திருப்பது அதுதான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் அரை எலுமிச்சைச் சாறும் பிசிறி, வடிகட்டியில் 30 நிமிடம் விடுங்கள். நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி காய்ந்ததும் கடுகு தாளித்து, அடுப்பை அணையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, வறுத்த வெந்தயப்பொடி கால் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. உடனே போட்டால் தூள் கருகிக் கசக்கும். எண்ணெய் நன்றாக ஆறிய பிறகே ஆப்பிள். ஐஸ் பெட்டியில் வைத்து 4 நாளில் முடித்துவிடுங்கள். வெளியில் வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு இதில் உப்பு கிடையாது. ஃபுஜி, காலா இதற்கு வேண்டாம். இனிப்பு ஊறுகாய் யாருக்கு வேண்டும்?

கேள்வி: கடை ஆப்பிளின் விதை தொட்டியில் முளைத்துவிட்டது. காய்க்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: செடி வளரும், காய்க்கு ஆசைப்படாதீர்கள். பெரும்பாலான ரகங்களுக்கு மொட்டு விழிக்க 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். பினாங்கில் நடுராத்திரியிலேயே 24 டிகிரி! ஜாவாவின் மலாங் மலைப்பகுதியில் மரத்தின் இலைகளையெல்லாம் உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். அது மலைக்காற்றுக்குப் பழகிய, ஒட்டுக் கட்டிய மரம்.

இன்னொன்று, விதையில் வரும் கன்று தாய்ப்பழம் போலவே காய்க்காது. அபூர்வமாக நல்லது அமையும். 1868-இல் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்பவரின் இடத்தில் தானாக முளைத்த கன்றுதான் கிரானி ஸ்மித். இன்றுள்ள அந்த ரக மரங்களெல்லாம் அதன் ஒட்டுவழி.

கேள்வி: வாட்டர் ஆப்பிள் எனப்படும் ஜம்பு ஆயரும் ஆப்பிள் இனமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இல்லை. ஆப்பிள் ரோஜாக் குடும்பம். ஜம்பு நம் நாவலுக்கும் கிராம்புக்கும் நெருங்கிய உறவு. வடமொழியில் நாவலுக்குப் பெயரே ஜம்பு.