வாசகர் கேள்வி: கதவைத் திறந்தவர் பின்னால் பார்க்க வேண்டாமா?

கேள்வி: என் தம்பி தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான். மூன்று மாதங்களுக்கு முன் வில்லுக்குறி அருகே சாலையோரம் நின்ற காரின் கதவு சட்டென்று திறந்து, அதில் மோதி விழுந்தவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. கார்க்காரர் "பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். வழக்கெல்லாம் எதற்கு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது சரியா? (வாசகி, தக்கலை)

பதில்: சரியில்லை, சகோதரி. பார்த்திருக்க வேண்டியவர் கதவைத் திறந்தவர்தான். அந்தச் சாலையில் பல இடங்களில் கடைகளும் வீடுகளும் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பதால், ஓரமாக நிறுத்திய காரின் வலப்பக்கக் கதவு ஓடும் வாகனங்களின் பாதையில்தான் திறக்கும். கதவுக்குத் தப்ப வலப்பக்கம் ஒதுங்குகிறவருக்குப் பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். 2022ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதை நினைக்கும்போது, "பார்த்து வரக் கூடாதா?" என்ற அந்தக் கேள்வி எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

விபத்தில் ஒருவர் காயமடைந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு ஓட்டுநருக்கு விதித்துள்ள கடமைகள். இரண்டாயிரம் ரூபாயைக் கொடுப்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. இழப்பீடு கோரும் மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் நாளைத் தள்ளாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தையும் எழுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அன்று சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம்.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வலப்பக்கக் கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையால் திறந்து பாருங்கள். உடல் தானாகத் திரும்பும். தோளுக்கு மேல் பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். இவ்வளவு எளிய பழக்கத்தை ஓட்டுநர் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: வளைவுகளில் டாரஸ் லாரிகளின் இடப்பக்கமாக முந்துவது அவ்வளவு ஆபத்தா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: மிகப் பெரிய ஆபத்து. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை, வளைவின் உட்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும். முன்பகுதி கடந்துபோனபோது இருந்த இடைவெளி, பின்பகுதி வரும்போது இருக்காது. அந்த இடத்தில் செல்லும் பைக், உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தென்படாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்றே கொள்ளுங்கள். வளைவு முடியும்வரை பின்னாலேயே வாருங்கள்.

மீண்டும் தக்கலை சகோதரிக்கு: தம்பி விழுந்தபோது தலைக்கவசம் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால், அடுத்த மோதலை அது தாங்காது.