பேரீச்சை மரத்தடியில் ஒரு பெண்

அன்புள்ள சார்,

மகனைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது அருங்காட்சியகத்தில் ரோம நாணயங்களைப் பார்த்தேன். தங்கக் காசுகள் கண்ணைப் பறித்தன. வெண்கலக் காசுகளோ தேய்ந்து, பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரு பேரரசரின் தலை. தற்பெருமையைத் தவிர இவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா,

தலையைப் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த முறை பூப் பக்கத்தையும் பாருங்கள். எனக்குப் பிடித்த ஒரு காசைச் சொல்கிறேன்.

கி.பி. 71இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டர்டியஸ் என்ற காசு அது. வெண்கலக் காசு என்று சொன்னாலும் உண்மையில் பித்தளை. புதிதில் பொன்னிறமாக மின்னியிருக்கும். எடை சுமார் 25 கிராம். நம்முடைய பத்து ரூபாய் நாணயம் மூன்றைச் சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கனம் தெரியும்.

நடுவில் ஒரு பேரீச்சை மரம். அதன் அடியில் ஒரு பெண், தலையைக் கையில் தாங்கிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் யூதேயா, எருசலேமைச் சுற்றியிருந்த யூதர்களின் நாட்டுக்குக் கொடுத்த பெண்ணுருவம். மரத்துக்கு அந்தப் பக்கம், கைகள் பின்னால் கட்டப்பட்ட ஓர் ஆண். சுற்றிலும் 'யூதேயா காப்டா' என்ற எழுத்துகள். யூதேயா பிடிபட்டது என்று அர்த்தம். முந்தைய ஆண்டுதான் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் எருசலேமைப் பிடித்திருந்தான், அங்கிருந்த யூதர்களின் ஆலயம் எரிந்து போயிருந்தது.

69இல் மட்டும் ரோமில் நான்கு பேரரசர்கள். கடைசியாக வந்தவர் வெஸ்பாசியன். பெரிய குலப்பெருமை ஏதும் இல்லாதவர், பதவியில் நிலைக்க அவருக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. அதைத் தங்கத்தில் மட்டும் அடித்தால் போதுமா? ஒரு தங்கக் காசுக்கு 100 செஸ்டர்டியஸ். பணக்காரர் பெட்டிக்குள் தங்கம் போய்விடும்; ரொட்டிக்கும் திராட்சை மதுவுக்கும் கைமாறியது இந்தப் பித்தளைதான். அந்தப் பெண்ணின் துக்கம் கடைத்தெருவில் சில்லறையாகப் புழங்கியது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப்போகிறது.

அப்புறம், தலை. எல்லாமே வெறும் பெருமை இல்லை அம்மா. வெஸ்பாசியனின் பல காசுகளில் நெற்றிச் சுருக்கமும் தடித்த கழுத்தும் அப்படியே இருக்கின்றன. பின்னால் வந்த பேரரசன் காரகல்லா 211இல் தம்பி கெட்டாவைக் கொன்றதும், தம்பியின் பெயரையும் உருவத்தையும் எங்கும் இல்லாமல் அழிக்கச் சொன்னான். இன்றைய துருக்கியில் உள்ள ஸ்ட்ரட்டோனிகேயா நகரத்துக் காசுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள். சிலவற்றில் தம்பியின் முகத்தை மட்டும் யாரோ சுரண்டி வழித்திருக்கிறார்கள். காரகல்லா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.