மகன் டிரான்ஸ்ஃபர் போகலாமா? முதலில் அந்த 9 நிமிடத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகன் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-ல் ஆடுகிற கல்லூரி ஒன்றில் பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப்பில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 6 அடி 4 அங்குலம், ஷூட்டிங் கார்டு, அதாவது வெளியில் இருந்து எறிகிறவன். போன வருடம் ஒரு ஆட்டத்துக்கு 20 நிமிடம் இறங்கினான். கோடையில் புது கோச் வந்தார், இந்த வருடம் 9 நிமிடம்தான். டிஃபென்ஸ், டிஃபென்ஸ் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்வதில்லையாம். பெரிய கல்லூரி ஒன்றின் கோச்சுக்கு இவன்மேல் கண் இருக்கிறது, கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலான போர்ட்டலில் பெயர் போட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள், பணமும் வரும் என்று அவனுடைய டிரெய்னர் சொல்கிறார். இவன் துடிக்கிறான். அவன் அப்பாவோ படிப்பு கெட்டுவிடும் என்கிறார். போகலாமா?

பதில்: வணக்கம் அம்மா. டிரெய்னர் சொன்னதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஆஃபர் இல்லை. பெயர் போர்ட்டலில் ஏறும்வரை இன்னொரு கல்லூரிக் கோச் நேராகவோ ஆள் வைத்தோ பேசக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பான என்சிஏஏவின் விதி, அது எல்லா இடத்திலும் மீறப்படுகிறது என்பதும் உலகறிந்த ரகசியம். அதற்காக யாரையும் நீங்கள் புகார் செய்ய வேண்டாம், ஆனால் காற்றுவாக்கில் வந்த சொல்லுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கோச் இதே சொல்லை இன்னும் ஆறு கார்டுகளின் டிரெய்னர்களுக்கும் அனுப்பியிருக்கலாம், அவர்களில் முதலில் ஒத்துக்கொள்கிறவனோடு அவர் கணக்கு முடிந்துவிடும்.

இப்போது அந்த 9 நிமிடத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 20 நிமிடம் 9 ஆனதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: புது கோச்சின் ஆட்டமுறையில் இவன் மாதிரி ஆளுக்கு வேலை இல்லை, அல்லது வேலை இருந்தும் இவன் அதைச் செய்யவில்லை, அல்லது இவனைவிட நன்றாகச் செய்கிற ஒருவன் முன்னால் நிற்கிறான். முதலாவது என்றால் டிரான்ஸ்ஃபர் நல்ல மருந்து. இரண்டாவது என்றால் போகிற இடத்துக்கும் அது கூடவே வரும். மூன்றாவது என்றால் அந்த ஒருவன் எந்த வருடம் படிக்கிறான் என்று பாருங்கள்.

மூன்றாவதற்கு நல்ல உதாரணம் பர்டியூவின் சாக் ஈடி. 7 அடி 4 அங்குல உயரம், அப்படியும் இரண்டாம் ஆண்டில் சுமார் 19 நிமிடம்தான் இறங்கினார், ஏனென்றால் கூடைக்கு அருகில் ஆடுகிற சென்டர் இடத்தை டிரெவியன் வில்லியம்ஸுடன் பங்குபோட வேண்டியிருந்தது. வில்லியம்ஸ் 2022-ல் போனார். அடுத்த இரண்டு வருடமும், அதாவது 2023, 2024 இரண்டிலும், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஈடிதான், தொழில்முறை என்பிஏ அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2024 டிராஃப்டில் 9-வது ஆளாக மெம்பிஸ் அணி எடுத்தது. அந்த இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு டிரெய்னர் அவர் காதில் "உன்னை இங்கே வீணடிக்கிறார்கள்" என்று ஓதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பர்டியூ கோச் மேட் பெயிண்டர் ஆட்களை வருடக்கணக்கில் வளர்க்கிறவர், போர்ட்டலில் வாங்குவது அளவோடுதான். உங்கள் மகனின் கோச் அந்த ரகமா, அல்லது வருடாவருடம் அணியையே புதிதாக வாங்குகிற ரகமா என்பது தெரிய வேண்டும். வந்த முதல் கோடையில் எத்தனை கார்டுகளைப் போர்ட்டலில் இருந்து கொண்டுவந்தார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, ஆட்டமுறை. டிஃபென்ஸ் என்பது ஒரே ஒரு விஷயம் இல்லை, இதைப் பெற்றோர்கள் மட்டுமில்லை, ஆடுகிற பையன்களே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வர்ஜினியாவில் டோனி பென்னெட் வைத்திருந்த பேக்லைன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான், மற்ற நான்கு பேரும் கூடைக்குச் சுமார் 16 அடி தூரத்தில் ஒரு கற்பனைக் கோட்டுக்குள் ஒதுங்கி நின்று, உள்ளே நுழைகிற வழியை அடைப்பார்கள். பந்து வெளியே நிற்கிற எதிரியிடம் போனால் ஓடிப்போய் கை தூக்க வேண்டும், பிறகு மறுபடி உள்ளே வர வேண்டும். பந்தைத் தட்டிப் பறிக்கத் தாவுகிறவனுக்கு அங்கே இடமே கிடையாது, பத்தில் மூன்று முறை பறித்தாலும் மீதி ஏழு முறை சுவரில் ஓட்டை விழுகிறதே. அந்த முறையில்தான் 2018 தேசியப் போட்டியில் கடைசித் தரவரிசையான 16-ல் இருந்த யூஎம்பிசி கல்லூரியிடம் 20 புள்ளியில் தோற்று நாடே சிரித்தது, அதே முறையில்தான் 2019-ல் சாம்பியனும் ஆனார்கள். ஹூஸ்டனில் கெல்வின் சாம்சன் செய்வது வேறு. எதிரணி ஆள் ஒருவன் தடுப்பவனின் வழியை உடம்பால் மறிப்பதுதான் ஸ்கிரீன், அதை வைக்கிற இடத்தில் பெரிய ஆளும் சேர்ந்து பாய்ந்து பந்துக்காரனை மடக்குவான், பின்னால் இருக்கிறவர்கள் நொடியில் இடம் மாற வேண்டும். ஒருவன் அரை அடி பிந்தினாலும் கதை முடிந்தது. சிரக்யூஸில் ஜிம் போகைம் பல வருடம் 2-3 ஸோன் ஆடவைத்தார், அதாவது ஆளைத் துரத்தாமல் முன்னால் இரண்டு பேரும் பின்னால் மூன்று பேரும் தங்கள் இடத்தைக் காப்பது, அங்கே நீளமான கை இருந்தால் கால் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஆகவே "டிஃபென்ஸ் ஆடு" என்று கோச் கத்துகிறார் என்றால் எந்த டிஃபென்ஸ், அதில் எந்த வேலை தவறுகிறது என்று மகனிடம் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் விடை அதுவே. உதவிக் கோச்சிடம் போய், போன பத்து ஆட்டத்தில் என்னை வெளியே எடுத்ததற்கு முந்தைய பந்துகளை மட்டும் காட்டுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த வீடியோவை மறுக்கிற உதவிக் கோச்சை நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் அவர்களே வெட்டி வைத்திருப்பார்கள். எதிரி இவனைத் தாண்டி நேராக நுழைகிறான் என்றால் அது காலின் கோளாறு, எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அடுத்த கோச்சும் அதைத்தான் முதலில் பார்ப்பார். இவன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு எங்கே போக வேண்டும் என்பதில் தடுமாறுகிறான் என்றால் அது முறை புதிது என்பதால், ஒரு கோடையில் சரியாகும்.

தாக்குதல் பக்கமும் இதே கதைதான். அலபாமாவில் நேட் ஓட்ஸ் முறையில் மூன்று புள்ளி எறிதல், இல்லையென்றால் கூடைக்கு அடியில் போய்ப் போடுவது, நடுவில் நின்று எறிகிற இரண்டு புள்ளிக்கு மரியாதை இல்லை. உங்கள் மகனின் பலம் பந்தை இரண்டு முறை தட்டிவிட்டு 15 அடியில் நின்று எறிவது என்றால் அந்த வேகத்தைப் பார்த்து மயங்கி அங்கே போகக்கூடாது. கனெக்டிகட்டில் டான் ஹர்லி முறையில் ஷூட்டர் பந்தில்லாமல் ஸ்கிரீனுக்குப் பின் ஸ்கிரீனாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முன்பே வகுத்த அத்தனை ஆட்டத் திட்டமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ரட்கர்ஸில் இருந்து வந்த கேம் ஸ்பென்சருக்கு அது சட்டை தைத்தமாதிரி பொருந்தி 2024-ல் கோப்பையும் வந்தது. வேகம் எவ்வளவு என்பதைக் கென்பாம் என்ற புள்ளிவிவரத் தளத்தில் டெம்போ என்ற எண்ணில் பார்க்கலாம். 40 நிமிடத்தில் ஒரு அணி கையில் எத்தனை முறை பந்து வருகிறது என்ற கணக்கு அது. வேகமான அணிகள் 70-ஐத் தாண்டும், மெதுவானவை 60-ஐ ஒட்டி நிற்கும். ஒரு ஆட்டத்தில் 10 வாய்ப்பு கூடக் கிடைக்கிறதா குறைகிறதா என்பது பெஞ்சில் இருந்து வருகிற ஷூட்டருக்குச் சின்ன விஷயம் இல்லை.

"அவர்கள் எல்லாம் போய்ப் பெரிய ஆளாகவில்லையா?" என்று மகன் பெயர்களை அடுக்குவான். அடுக்கட்டும். வால்டர் கிளேட்டன் ஐயோனாவில் இருந்து ஃபுளோரிடாவுக்குப் போய் 2025-ல் சாம்பியன் ஆனார், இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. டால்டன் நெக்ட் நார்தர்ன் கொலராடோவில் இருந்து டென்னசிக்குப் போய், அந்தக் கல்லூரி ஆடுகிற கான்ஃபரன்ஸான (கல்லூரிகளின் கூட்டமைப்பு) எஸ்இசி-யின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் போவதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். கிளேட்டன் அப்போதே தன் கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர், நெக்ட் ஆட்டத்துக்கு 20 புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். இருந்த இடத்தில் ராஜாவாக இருந்துவிட்டு மேலே ஏறியவர்கள் அவர்கள். 9 நிமிடம் ஆடுகிறவன் மேலே ஏறிய கதைகள் அபூர்வம். உங்கள் மகனுக்குப் பொருத்தமான டிரான்ஸ்ஃபர் பக்கவாட்டில் போவது, அல்லது ஒரு படி இறங்கி 30 நிமிடம் ஆடுவது. இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், வரட்டும்.

நெக்ட் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. டென்னசி கோச் ரிக் பார்ன்ஸ் டிஃபென்ஸுக்குப் பேர் போனவர், நெக்ட் அதற்குப் பேர் போனவர் இல்லை. ஆனாலும் பொருந்தியது, ஏனென்றால் அந்த அணியில் தடுக்க ஆள் நிறைய இருந்தார்கள், புள்ளி போடத்தான் ஆள் தேவைப்பட்டது. எனவே தன்னைப்போலவே ஆடுகிற அணியைத் தேடிப் போவதைவிட, தன்னிடம் இருப்பது எந்த அணியில் இல்லை என்று தேடுவது புத்திசாலித்தனம். போர்ட்டலில் பேசுகிற ஒவ்வொரு கோச்சிடமும் "யார் போன இடத்துக்கு என்னை எடுக்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்பலாம். "உன் திறமை எங்கள் குடும்பத்துக்கு ஏற்றது" என்று ஆரம்பித்தால் போனை மரியாதையாக வைத்துவிடலாம்.

கோச்சும் அங்கேயே இருப்பார் என்று நினைக்காதீர்கள். பென்னெட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது ஓய்வு பெற்றார், அவரை நம்பி வந்தவர்கள் என்ன செய்ய முடியும்? பென் மெக்காலம் நார்த்வெஸ்ட் மிசௌரியில் இருந்து 2024-ல் டிரேக்குக்குப் போனார், 2025-ல் ஐயோவாவுக்குப் போனார், பென்னெட் ஸ்டர்ட்ஸ் என்ற கார்டு இரண்டு முறையும் கூடவே போனார். அது முறை தெரிந்த ஆளைக் கோச்சே கையோடு கூட்டிப்போகிற நிலை. உங்கள் மகனின் பழைய கோச், அந்த 20 நிமிடம் கொடுத்தவர், இப்போது எங்கே இருக்கிறார்? டிரெய்னருக்குப் பதில் அவரிடம் இருந்து அழைப்பு வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

படிப்பைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது சரிதான், அவர் நினைப்பதைவிட அதிகமாகவே சரி. என்சிஏஏ விதிப்படி மூன்றாம் ஆண்டு ஆடுவதற்கு, சேர்கிற பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டுக்கு 60. சிக்கல் எங்கே என்றால், புதுக் கல்லூரி கிரெடிட்டை ஏற்பது வேறு, அது மெக்கானிக்கல் பட்டத்துக்குக் கணக்கில் வருவது வேறு. 60 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டு அதில் 20-ஐ விருப்பப் பாடம் என்று ஒதுக்கினால், 128 கிரெடிட் பட்டத்தில் 40 சதவீதத்துக்கு வேண்டிய 52 இருக்காது. அப்போது உதவிக் கோச் சிரித்துக்கொண்டே "மேஜரை மாற்றிக்கொள்ளலாமே" என்பார். இன்ஜினியரிங் பையன்கள் வேறு பட்டத்தோடு வெளியே வருவது பெரும்பாலும் இப்படித்தான். 2021-ல் இருந்து ஒரு முறையும் 2024-ல் இருந்து எத்தனை முறையும், ஒரு வருடம் ஆடாமல் உட்காராமல் மாறலாம் என்று விதி தளர்ந்ததே தவிர, இந்தப் படிப்புக் கணக்கு தளரவில்லை.

பணம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம், உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் என்று ஆரம்பித்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, பெரிய கல்லூரிகளில் ஃபுட்பால் பெரும்பங்கை விழுங்கிவிடும், பாஸ்கெட்பாலுக்கு வருவதில் பெரும்பகுதி ஆட்டத்தைத் தொடங்குகிற ஐந்து பேருக்கு. பெஞ்ச் கார்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வரும்வரை பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால், பாதியில் போனால் திருப்பித் தர வேண்டுமா என்ற வரியை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். டிரெய்னர் இதில் கமிஷன் கேட்கிறாரா என்பதையும் நேராகக் கேட்டுவிடுங்கள். மகன் இங்கே பிறந்தவன் இல்லை, மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருக்கிறான் என்றால் இந்தப் பணப் பேச்சு முழுவதையும் முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் கொண்டுபோங்கள், அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது.

கடைசியாக, போர்ட்டல் ஒரு விண்ணப்பப் படிவம் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். பெயர் போட்டதும் இப்போதைய கல்லூரி அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம், திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. டிவிஷன் 1-ல் 360 அணிகளுக்கு மேல் இருக்கின்றன, ஒரு வசந்தத்தில் ஆண்கள் பாஸ்கெட்பாலில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் ஏறுகிறார்கள். எல்லோருக்கும் நாற்காலி கிடைப்பதில்லை.

அவன் இடத்தில் நான் இருந்தால் சீசன் முடிந்த வாரமே கோச்சிடம் நேரம் வாங்கி, அடுத்த வருடம் எனக்கு என்ன வேலை, அதற்கு நான் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டே கேள்வி கேட்பேன். புது கோச் வந்தபோது போர்ட்டலில் பெயர் போட அந்த அணிக்கென்று திறந்த தனி ஜன்னல் மூடிவிட்டது, இனி சீசன் முடிவில் எல்லோருக்கும் திறப்பதுதான். அது 2024-ல் 45 நாள், 2025-ல் 30 நாள், ஆகவே இந்த வருடத் தேதியைக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கிற கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கோச் சொன்ன வேலை அவனுக்குப் பிடிக்காவிட்டாலோ பதில் மழுப்பலாக இருந்தாலோ போகட்டும், நான் தடுக்க மாட்டேன். அதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளில் பெயரை ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு கூப்பிடுகிற கல்லூரி ஒவ்வொன்றிடமும், நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே, அவன் டிரான்ஸ்கிரிப்ட்டை இன்ஜினியரிங் துறையிடம் காட்டி எத்தனை கிரெடிட் மெக்கானிக்கல் பட்டத்துக்குச் செல்லும் என்று மின்னஞ்சலில் வாங்கச் சொல்லுங்கள். உதவிக் கோச் போனில் சொல்வது போதாது.