தரகும் முதலீடும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா?

அன்புள்ள ஐயா,

படிப்பு முடித்த கையோடு ரியல் எஸ்டேட் ஏஜெண்டாகப் போகிறேன் என்கிறாள் உங்கள் மகள். கூடவே, குடும்ப வீட்டை அடமானம் வைத்து ஒரு சின்ன ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்றும் சொல்கிறாள். இரண்டுக்கும் சரி சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்குத் தாராளமாகச் சொல்லுங்கள். இரண்டாவதை ஒரு இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

ஏஜெண்டுக்குச் சம்பளத் தேதி என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது. இன்று வீடு கேட்டு வருகிறவர் நாலு இடம் பார்த்து, குடும்பத்தோடு கலந்து பேசி, வங்கிக் கடன் வாங்கி, வக்கீலிடம் பத்திரம் காட்டி, கிரயம் முடிந்த பிறகுதான் கமிஷன் கைக்கு வரும். அதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். கடைசி வாரத்தில் பேரம் முறிந்தால் அலைந்தது மட்டும்தான் மிச்சம். வீட்டுக் கடன் தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஏஜெண்ட் வேலையும் சொத்து முதலீடும் இரண்டு தனித்தனி வருமானம், ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் நிற்பது ஒரே சந்தையில்தான். வட்டி ஏறி, வாங்குவோர் ஒதுங்கிக்கொண்டால் கமிஷனும் வற்றும். அதே நேரத்தில் கையில் இருக்கும் ஃபிளாட்டை நல்ல விலைக்குத் தள்ளவும் முடியாது. 2008 நெருக்கடியின்போது அமெரிக்காவில் கடன் வாங்கிச் சொத்து சேர்த்திருந்த பல ஏஜெண்டுகளுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே அடி விழுந்தது.

அந்த ஃபிளாட் கணக்கையும் பார்த்துவிடுவோம். விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வாடகை 5. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் கிடைப்பது 4.6. பராமரிப்பு, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 1 போனால் மிச்சம் 3.6. விலையில் 80ஐ 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் வருட வட்டி மட்டுமே ஏறக்குறைய 6.4. அசலைச் சேர்த்து 20 வருடத் தவணையாகக் கட்டினால் வருடத்துக்கு 8. ஆக, வருடம் 4.4 சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால், காலி மாதத்தையும் ரிப்பேரையும் எங்கே சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். எண்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

இனி, பெற்றோர் அதிகம் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வயதான ஒருவர் தன் வீட்டை விற்க வந்து, "என்ன விலைக்கும்மா போகும்?" என்று உங்கள் மகளிடம் கேட்கிறார். நல்ல வீடு, அவசரத் தேவை. குறைத்து ஒரு விலை சொல்லிவிட்டு, சித்தப்பா பெயரில் தானே வாங்கிப் போடலாம். யாருக்கும் உடனே தெரியாது. ஏஜெண்டாகவும் முதலீட்டாளராகவும் இருக்கிறவர்களுக்கு இந்தச் சபலம் எப்போதாவது வந்தே தீரும். பிரிட்டனின் 1979 எஸ்டேட் ஏஜெண்ட் சட்டம், சொத்தில் தனக்குச் சொந்த ஆதாயம் இருந்தால் பேச்சு தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகள் அமைப்பான ரியல்டர் சங்கத்தின் நெறிமுறையும் அதை எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி இருந்தாலும் அவள் இதையே வழக்கமாக்கிக்கொள்ளட்டும்: வாங்குவது நான்தான் என்று எழுதிக் கொடுப்பது, வேறொருவரிடமும் விலை கேட்டுக்கொள்ளுங்கள் என்று விற்பவரிடம் சொல்வது. பெயர் கெட்ட ஏஜெண்டிடம் அடுத்த வீடு வராது.

உரிமம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இந்தியாவில் 2016 ரெரா சட்டப்படி (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்), அதன் கீழ் பதிவான கட்டுமானத் திட்டங்களில் விற்றுக் கொடுக்க ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் தேர்வு எழுதித்தான் பதிவு பெற முடியும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி.

அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வாள்? நல்ல தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, முதலில் வாடகை வீடுகளைப் பார்க்கட்டும். கமிஷன் சிறிது, ஆனால் சீக்கிரம் முடியும். ஒரே வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, கேட்ட விலை என்ன, முடிந்த விலை என்ன, எத்தனை நாளில் முடிந்தது என்று நோட்டில் குறித்துவரட்டும். வெளியே நிற்கும் முதலீட்டாளருக்குச் சுலபத்தில் கிடைக்காத தகவல் அது. தாய்ப் பத்திரம், வில்லங்கம், வாரிசுத் தகராறு எல்லாம் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியவை. இன்னொன்று, கமிஷன் வருமானக்காரர்களிடம் கடன் தரும்முன் வங்கிகள் பொதுவாக இரண்டு வருடமாவது கணக்குக் கேட்கும். ஒழுங்காக வரி கட்டிக் கணக்குக் காட்டினால், அதற்குள் அவள் சொந்தப் பெயரிலேயே கடன் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்கள் உதவ நினைத்தால், முதல் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதுவரை முதலீட்டுக் கை துறுதுறுத்தால், பங்குச் சந்தையில் விற்கும் ரீட் யூனிட்டுகள் கொஞ்சம் வாங்கிப் பார்க்கட்டும். பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்கள் வாங்கி, வாடகை வருமானத்தைப் பகிர்ந்து தரும் அமைப்பின் பங்குகள் அவை. விலை ஏறி இறங்கும்தான். ஆனால் குழாய் உடைந்தது என்று ராத்திரி யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

நிறுவனத்தில் சேரும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கமிஷனில் அவள் பங்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும்? விளம்பரச் செலவு யார் தலையில்? ஏஜெண்ட் தானே சொத்து வாங்கினால் நிறுவனத்தின் விதி என்ன? "முதலில் நீயே ஒரு மனை வாங்கு, சொந்தக்காரர்களையும் வாங்கவை" என்று சொல்கிற இடமாக இருந்தால், அவர்களுக்கு வேண்டியது ஏஜெண்ட் இல்லை, வாடிக்கையாளர். அங்கிருந்து எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.